கேட்டு வாங்கும் ஸ்கிரிப்ட்: லினக்ஸ் கேள்வி–பதில்

ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பில்) மெனு வைப்பது, ஓட்டுபவரிடம் கேட்டு வாங்குவது பற்றிய கேள்விகளாகவே இந்த முறை வந்து குவிந்திருக்கின்றன. கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள் (பிஎஸ்3, ரிப்ளை, காலம்ஸ், டெர்ம் போன்ற ஷெல்லின் சொந்த மாறிகள் மட்டும் பெரிய எழுத்து). குறிகளும் எண்களும் உள்ளபடியே. மாறிகளின் பெயருக்குத் தமிழை பாஷ் (லினக்ஸில் வழக்கமான ஷெல்) ஏற்காது. மேற்கோள் குறிக்குள் தமிழ் தாராளமாக இருக்கலாம்.

ஜவுளிக் கடைக் கணினியில் பேக்கப், பிரிண்டர் வரிசையைக் காலி செய்வது, டிஸ்க் இடம் பார்ப்பது மூன்றுக்கும் ஒரே ஸ்கிரிப்ட். கவுண்டரில் இருப்பவர் எண்ணைத் தட்டினால் போதும் என்றிருக்க வேண்டும். எக்கோ, ரீட், இஃப் என்று எழுதி எழுதி 60 வரி ஆகிவிட்டது. சுருக்க வழி உண்டா? (ஈரோடு)

பாஷில் இதற்கென்றே செலக்ட் இருக்கிறது. கார்ன் ஷெல்லிலிருந்து வந்தது. எண் போடுவது, வரிசையாகக் காட்டுவது, திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பிஎஸ்3="எண்ணைத் தட்டுங்கள்: "
செலக்ட் வேலை இன் "பேக்கப்" "பிரிண்டர் வரிசை" "டிஸ்க் இடம்" "வெளியேறு"; டூ
  கேஸ் $ரிப்ளை இன்
    1) பேக்கப்_செய் ;;
    2) வரிசை_காலி ;;
    3) டிஎஃப் -எச் ;;
    4) பிரேக் ;;
    *) எக்கோ "1 முதல் 4 வரை மட்டும்" ;;
  எசாக்
டன்

பிஎஸ்3 வைக்காவிட்டால் திரையில் வெறும் '#? ' நிற்கும், பார்ப்பவர் ஏதோ பிழை என்று ஜன்னலை மூடிவிடுவார். தட்டியது அப்படியே ரிப்ளை என்ற மாறியில் விழும். தேர்ந்த வரியின் வாசகம் நீங்கள் பெயர் வைத்த மாறியில் (இங்கே 'வேலை') விழும். பட்டியலில் இல்லாத எண்ணைத் தட்டினால் 'வேலை' காலியாக இருக்கும், ரிப்ளையில் மட்டும் தட்டியது இருக்கும். வெறும் என்டர் தட்டினால் மெனு மறுபடி வரும். ஒரு வேலை முடிந்தபின் மெனு மறுபடி வராது, கேள்வி மட்டும்தான் வரும். குழப்பமாக இருந்தால் ஒவ்வொரு வேலையின் முடிவிலும் ரிப்ளையைக் காலி செய்துவிடுங்கள், முழு மெனுவும் திரும்ப வரும்.

பட்டியல் நீண்டால் செலக்ட் அதை இரண்டு மூன்று பத்தியாக மடித்துக் காட்டும். ஒரே பத்தி வேண்டுமானால் செலக்டுக்கு முந்தைய வரியில் காலம்ஸ்=1 என்று வையுங்கள். பாஷ் 5.0 முதல், வெளிக்கட்டளை எதுவும் ஓடி முடிந்ததும் ஷெல் திரை அகலத்தை அளந்து இந்த மதிப்பை மாற்றிவிடுகிறது. 'ஷாப்ட் -யு செக்வின்சைஸ்' என்று ஒரு வரி சேர்த்தால் மாற்றாது.

அதே செலக்ட் என் கணினியில் ஓடுகிறது, நண்பரின் உபுண்டுவில் 'செலக்ட்: நாட் ஃபவுண்ட்' என்கிறது. ரீட் -எஸ் போட்டால் 'இல்லீகல் ஆப்ஷன்'. (நாகர்கோவில்)

அவர் 'எஸ்எச் மெனு.எஸ்எச்' என்று ஓட்டுகிறார். அப்படி ஓட்டினால் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. 2006இல் வந்த 6.10 பதிப்பு முதல் உபுண்டுவில் எஸ்எச் என்பது டாஷ் என்ற வேறொரு ஷெல். டெபியன் 2011இல் 6.0இல் மாறியது. டாஷின் ரீட்டுக்கு -ஆர், -பி (ப்ராம்ப்ட் என்பதன் முதல் எழுத்து) இரண்டும்தான் தெரியும். செலக்டும் கிடையாது, -எஸ்ஸும் கிடையாது. ஓட்டும் உரிமை கொடுத்து ./மெனு.எஸ்எச் என்று ஓட்டச் சொல்லுங்கள்.

மேக் வைத்திருப்பவருக்கும் கொடுப்பீர்கள் என்றால் இன்னொன்று: அங்கே 2019இன் கேட்டலினா முதல் வழக்கமான ஷெல் இசட்எஸ்எச். அதில் ரீட் -பி என்றால் அர்த்தமே வேறு. 'நோ கோப்ராசஸ்' என்று திட்டும். கூடவே வரும் பாஷும் 3.2தான். முன்நிரப்பிய விடையைக் காட்டித் திருத்தச் சொல்லும் 'ரீட் -இ -ஐ' 4.0இல்தான் வந்தது, ஆகவே அங்கே ஓடாது.

விப்டெயிலில் (டெர்மினலில் பெட்டி வரைந்து கேட்கும் நிரல்) மெனு அழகாக வருகிறது. ஆனால் தேர்ந்ததை மாறியில் வாங்க $( ) போட்டால் திரை வெறுமையாக நின்றுவிடுகிறது. அப்படியே ஏதோ தட்டி என்டர் அடித்தால் மாறியில் குப்பையான குறிகள். (காரைக்குடி)

விப்டெயில் பெட்டியை வரைவது ஸ்டாண்டர்டு அவுட்புட்டில், அதாவது 1இல். விடையைத் தருவது ஸ்டாண்டர்டு எரரில், 2இல். $( ) பிடிப்பது 1ஐ. எனவே திரைக்குப் போக வேண்டிய படம் முழுக்க உங்கள் மாறிக்குள் போய்விட்டது. அந்தக் குப்பை வேறொன்றுமில்லை, பெட்டியின் கோடுகளும் நிறங்களும்தான். இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். மூடும் அடைப்புக்குச் சற்று முன்னால் இதைச் சேருங்கள்:

3>&1 1>&2 2>&3

இடமிருந்து வலமாகப் படியுங்கள். மாறிக்குப் போகும் குழாய் இப்போது 1இல் இருக்கிறது. அதன் நகலை 3இல் வைத்துக்கொள். பிறகு 1ஐத் திரைக்குத் திருப்பு (2 இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறது). கடைசியாக 2ஐ, 3இல் வைத்த குழாயில் மாட்டு. இரண்டு டம்ளர் பாலையும் மோரையும் மாற்ற மூன்றாவது டம்ளர் தேவைப்படுவது போலத்தான். வரிசை மாறினால் வேலைக்கு ஆகாது. இதே போன்ற டயலாக் என்ற நிரலைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கூத்து வேண்டாம், --ஸ்டட்அவுட் என்ற விருப்பமே இருக்கிறது; விப்டெயிலில் அது இல்லை.

இதைச் சரிசெய்ததும் அடுத்த குழி காத்திருக்கிறது: ரத்து பட்டன். ஓகே என்றால் எக்ஸிட் கோடு (நிரல் முடியும்போது திருப்பும் எண்) 0, கேன்சல் என்றால் 1, எஸ்கேப் விசை என்றால் 255. ஸ்கிரிப்டின் தலையில் 'செட் -இ' (கட்டளை தோற்றால் அங்கேயே நிறுத்து என்பது) வைத்திருந்தால், யாரோ கேன்சல் தட்டிய நொடியில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்கிரிப்ட் செத்துவிடும். விப்டெயில் வரியை இஃபுக்குள் வையுங்கள். இஃபின் நிபந்தனையில் தோற்பதை 'செட் -இ' கண்டுகொள்ளாது.

ஃபங்ஷனுக்குள் எழுதினால் இதற்கு நேர் எதிரான கோளாறு. 'லோகல் தேர்வு=$(விப்டெயில் …)' என்று ஒரே வரியில் எழுதினால், அடுத்த வரியில் $? (முந்தைய கட்டளையின் எக்ஸிட் கோடு) எப்போதும் 0தான். அது லோகல் கட்டளையின் கோடு, விப்டெயிலுடையது அல்ல. ரத்து செய்தவருக்கும் வேலை நடந்துவிடும். அந்த வேலை 'பழைய பேக்கப்பை அழி' என்றிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். லோகலைத் தனி வரியில் அறிவித்து, மதிப்பை அடுத்த வரியில் போடுங்கள்.

அளவுகள்: விப்டெயில் --மெனுவுக்கு வாசகத்துக்குப் பின் மூன்று எண் வரும். உயரம், அகலம், பட்டியலில் தெரியும் வரிகள். சாதாரண டெர்மினல் 24 வரி, 80 எழுத்து. அதைத் தாண்டினால் பெட்டி உடையும். ராஸ்பெர்ரி பையின் ராஸ்பி-கான்ஃபிக் விப்டெயிலில் எழுதியதுதான். அது உயரத்தை 18 என்று வைத்து, பட்டியலுக்கு அதில் 7 குறைத்து 11 கொடுக்கிறது. அகலத்தை டிபுட் கட்டளையிடம் கேட்டு, 60க்குக் கீழே வந்தால் 80, 178க்கு மேலே போனால் 120 என்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம்.

பல தேர்வு வேண்டி --செக்லிஸ்ட் போடுபவர்கள் கவனிக்க: விடைகள் மேற்கோள் குறியோடு ஒரே வரியில் வரும். அதைப் பிரிக்க ஈவால் (வாசகத்தையே கட்டளையாக ஓட்டுவது) போடாதீர்கள். --செபரேட்-அவுட்புட் போட்டால் வரிக்கு ஒன்றாக வரும், மேற்கோள் இல்லாமல். தேர்வது ஸ்பேஸ் விசையால், என்டரால் அல்ல. இதைப் பெட்டியின் வாசகத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக ஓட்டுபவர் வரியில் போய் நின்று என்டர் தட்டி, எதுவும் தேராமல் வெளியே வருவார்.

டயலாக்கா, விப்டெயிலா? (திருச்சி)

டெபியன், உபுண்டு வகையில் விப்டெயில் பெரும்பாலும் முன்பே இருக்கும். வாடிக்கையாளர் கணினியில் எதையும் நிறுவ முடியாத நிலையில் அதுவே போதும். நாட்காட்டி, கோப்புத் தேர்வு, பல கட்டமுள்ள படிவம் வேண்டுமானால் டயலாக்தான். விப்டெயிலில் இந்த மூன்றும் இல்லை. விருப்பங்களின் பெயரும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பட்டனின் பெயரை மாற்ற டயலாக்கில் --எஸ்-லேபிள், விப்டெயிலில் --எஸ்-பட்டன்.

12 கணினிகளின் பெயர் ஒரு கோப்பில். வைல் ரீட் லூப்பில் ஒவ்வொன்றையும் எடுத்து 'ரீஸ்டார்ட் செய்யவா?' என்று ரீட் -பி மூலம் கேட்கிறேன். கேள்வியே திரையில் வருவதில்லை. ஆறு கணினியைத் 'தவிர்த்தேன்' என்று சொல்லிவிட்டு முடிந்துவிடுகிறது. மீதி ஆறு எங்கே? (சேலம்)

அவை உங்கள் கேள்விக்கு விடையாகப் போய்விட்டன. லூப்பின் கடைசியில் '< பட்டியல்' என்று கொடுத்ததும், லூப்புக்குள் இருக்கும் எல்லாக் கட்டளைக்கும் ஸ்டாண்டர்டு இன்புட் அந்தக் கோப்புதான். வெளி ரீட் 1ஆம் வரியை எடுக்கிறது. உள் ரீட் உங்கள் விரலுக்குக் காத்திருக்காமல் 2ஆம் வரியை விடையாக எடுக்கிறது. அது 'ஒய்' அல்ல, ஆகவே தவிர்ப்பு. கேள்வி தெரியாததற்கும் இதுவே காரணம்: இன்புட் டெர்மினலாக இருந்தால் மட்டுமே -பி தன் வாசகத்தைக் காட்டும்.

கோப்பை 3ஆம் எண்ணில் திறந்துவிடுங்கள். லூப்பின் தலையில் 'ரீட் -ஆர் -யு 3 பெயர்', வாலில் 'டன் 3< பட்டியல்'. உள்ளே இருக்கும் ரீட் அப்படியே இருக்கலாம், அதற்கு இப்போது விசைப்பலகை காலியாகக் கிடைக்கிறது.

வேறு கணினியில் கட்டளை ஓட்டும் எஸ்எஸ்எச்சும் இதே பசிக்காரன். லூப்புக்குள் எஸ்எஸ்எச் ஓட்டினால் முதல் கணினியிலேயே பட்டியல் முழுவதையும் விழுங்கிவிடும். -என் கொடுத்தால் விழுங்காது. இணையத்திலிருந்து கர்ல் மூலம் இறக்கி நேராக பாஷுக்குக் குழாய் போடும் நிறுவல் ஸ்கிரிப்டுகளிலும் இதே சிக்கல்தான்: அங்கே ரீட் விழுங்குவது ஸ்கிரிப்டின் மிச்ச வரிகளையே. ரீட்டுக்குப் பின்னால் '< /டெவ்/டிடிஒய்' சேர்த்தால் டெர்மினலிடமே நேரடியாகக் கேட்கும்.

பகலில் கையால் ஓட்டினால் நன்றாக ஓடும் ஸ்கிரிப்டை இரவு கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் சேவை) போட்டேன். காலையில் லாக் கோப்பு 40 ஜிபி. (கோவை)

'சரியான விடை வரும்வரை கேள்' என்று லூப் எழுதியிருப்பீர்கள். கிரானில் டெர்மினல் இல்லை. ரீட் காத்திருப்பதில்லை, 'இன்புட் முடிந்தது' என்று உடனே 1ஐத் திருப்புகிறது. மாறி காலி. காலி என்பது தவறான விடை. 'தவறு, மறுபடி' என்று ஒரு வரி லாகில். மறுபடி ரீட். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை, விடியும்வரை.

ரீட் தோற்றால் வெளியேறும் வழி ஒவ்வொரு ரீட்டுக்கும் வேண்டும்: 'ரீட் -ஆர் விடை || எக்ஸிட் 1'. அதற்கும் முன்னால், ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே [ -டி 0 ] என்று சோதியுங்கள் (டெர்மினல் என்பதன் முதல் எழுத்து அந்த டி). இன்புட் டெர்மினல் அல்ல என்றால் கேள்விகளைத் தாண்டி, கட்டளை வரியில் கொடுத்த விருப்பங்களை எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் கருத்தில் கேள்வி கேட்கும் ஸ்கிரிப்ட் எதுவும், கேட்காமல் ஓடும் ஒரு வழியோடுதான் பிறக்க வேண்டும். முதலில் விருப்பங்களாக எழுதுங்கள், மெனு அந்த விருப்பங்களை நிரப்பித் தரும் முன்வாசலாக மட்டும் இருக்கட்டும். பின்னால் பிரிப்பது இரட்டை வேலை.

டைம்அவுட்டுக்கும் ரீட் -டி 10 என்று அதே எழுத்துதான். 10 நொடியில் விடை வராவிட்டால் எக்ஸிட் கோடு 128க்கு மேல் வரும். இன்புட் முடிந்துபோனால் 1. இரண்டையும் பிரித்துப் பார்க்க இது உதவும். டைம்அவுட் ஆனால் எடுத்துக்கொள்ளும் விடை எப்போதும் தீங்கில்லாத விடையாக இருக்கட்டும்: 'அழிக்கவா?' என்ற கேள்விக்கு மௌனம் சம்மதம் அல்ல.

பாஸ்வேர்டு கேட்பதற்கு ரீட் -எஸ் போதுமா? (சென்னை)

தட்டுவதை மறைக்க அது போதும். ஆனால் 'ஐஎஃப்எஸ்= ரீட் -ஆர்எஸ்' என்று எழுதுங்கள். -ஆர் இல்லாவிட்டால் பாஸ்வேர்டில் உள்ள பின்சாய்கோடு காணாமல் போகும்; ஐஎஃப்எஸ்= இல்லாவிட்டால் முன்பின் ஸ்பேஸ் போகும். 'சரியாகத்தானே தட்டினேன்' என்பவர்களில் சிலர் உண்மையாகவே சரியாகத்தான் தட்டியிருப்பார்கள். என்டரும் மறைந்துவிடுவதால் அடுத்து ஒரு வெற்று எக்கோ போட்டால்தான் வரி இறங்கும்.

வாங்கிய பாஸ்வேர்டை வேறொரு நிரலுக்குக் கட்டளை வரியில் கொடுக்காதீர்கள்; அதே கணினியில் வேறு யார் பிஎஸ் (ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் கட்டளை) தட்டினாலும் தெரியும். பிரிண்ட்எஃப் பாஷின் உள்கட்டளை என்பதால் அதன் வழியாகக் குழாயில் அனுப்பினால் தெரியாது. பிழை தேட 'செட் -எக்ஸ்' போட்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் அணையுங்கள், லாகில் பாஸ்வேர்டு அச்சாகிவிடும். சூடோவுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் நீங்கள் கேட்கவே வேண்டாம். தொடக்கத்தில் 'சூடோ -வி' ஒரு வரி, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

டாஷில் -எஸ் இல்லாததால் 'எஸ்டிடிஒய் -எக்கோ' போட வேண்டிவரும். நடுவில் யாராவது கன்ட்ரோல்-சி தட்டினால் டெர்மினல் ஊமையாகவே நின்றுவிடும். டிராப் (குறுக்கீடு வந்தால் என்ன ஓட வேண்டும் என்று சொல்லும் கட்டளை) வைத்து எக்கோவைத் திருப்பிக் கொடுங்கள். மாட்டிக்கொண்டவர் கண்ணுக்குத் தெரியாமலே 'எஸ்டிடிஒய் சேன்' என்று தட்டி என்டர் கொடுத்தால் மீளலாம்.

மாதத்தை எண்ணாக வாங்குகிறேன். 07 வரை சரி, 08 என்றால் பிழை. (மதுரை)

0இல் தொடங்கும் எண்ணை பாஷ் எட்டடிமானம் என்று எடுத்துக்கொள்கிறது; எட்டடிமானத்தில் 8 கிடையாது. $((10#$மாதம்)) என்று எழுதினால் பத்தடிமானமாகப் படிக்கும். அதற்கு முன்பே ^[0-9]+$ என்ற அமைப்புக்குப் பொருந்துகிறதா என்று [[ ]]க்குள் =~ கொண்டு சோதித்துவிடுங்கள். இது வெறும் நேர்த்திக்காக அல்ல: பயனர் தட்டியதை அப்படியே (( ))க்குள் விட்டால், தட்டியதில் ஒளித்து வைத்த கட்டளையை ஓட்டவைக்கவும் முடியும்.

மெனுவைத் தமிழில் வைத்தேன். டயலாக் பெட்டியின் வலது கோடு வரிக்கு வரி உள்ளே வெளியே நகர்கிறது. பிரிண்ட்எஃப் கொண்டு நானே கட்டம் போட்டால் இன்னும் மோசம். (தஞ்சாவூர்)

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். டெர்மினல் நிரல்கள் அகலம் கேட்கும் டபிள்யூசிவிட்த் கணக்கில் 4, ஏனென்றால் புள்ளிக்கு அகலம் 0, இகரக் குறிக்கு 1.

பாஷின் பிரிண்ட்எஃப் 20 இடம் ஒதுக்கு என்றால் பைட்டை எண்ணுகிறது. 'தமிழ்' 15ஐத் தின்றுவிட்டது, நிரப்புவது 5 வெற்றிடம் மட்டும். ஆங்கிலச் சொல் இருக்கும் வரி சரியாக நிற்க, தமிழ் வரி 11 இடம் முன்னால் முடிகிறது. $(பிரிண்ட்எஃப் '%எஸ்' "$சொல்" | டபிள்யூசி -எல்) என்று (பெரிய எழுத்து எல்) கேட்டால் 4 கிடைக்கும். 20இலிருந்து அதைக் கழித்து வெற்றிடத்தை நீங்களே நிரப்புங்கள். லாங் மாறி யூடிஎஃப்-8இல் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

டயலாக் பெட்டிக்கு அந்த மருந்தும் முழுதாக வேலை செய்யாது. டயலாக் 'கு'வுக்கு 2 இடம் ஒதுக்கும், டெர்மினலின் எழுத்துரு ஒன்றரை இடத்தில் வரைந்து வைக்கும். டெர்மினலுக்கு டெர்மினல் இது மாறும். தமிழ் மெனு கட்டாயம் வேண்டுமானால் வலது கோடே இல்லாத செலக்ட்தான் எங்கள் பரிந்துரை. கோடு இல்லாவிட்டால் நகர்வதற்கு எதுவும் இல்லை. வரைகலைத் திரை இருக்கும் கணினி என்றால் ஜன்னலாகவே பெட்டி காட்டும் ஜெனிட்டி பயன்படுத்தலாம், அங்கே தமிழ் ஒழுங்காக வரும். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 தட்டி வரும் கறுப்புக் கன்சோலில் தமிழ் வராது: அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள், உயிர்மெய் சேர்க்கும் வசதியும் இல்லை.

ஆம்/இல்லை கேள்விக்குத் தமிழில் விடை வாங்கலாமா? (யாழ்ப்பாணம்)

வாங்கலாம். கேஸில் 'ஆ*' என்று ஒரு அமைப்பைச் சேர்த்தால் 'ஆம்', 'ஆமா' இரண்டும் மாட்டும். ஆனால் 'ஒரு எழுத்து தட்டியதும் போதும்' என்று ரீட் -என் 1 வைக்காதீர்கள். 'சரி' என்று தட்ட நினைப்பவரின் 'ச' மட்டும் உள்ளே போகும், மீதி அடுத்த ரீட்டுக்கு விடையாகத் தொற்றிக்கொள்ளும்.

டாரில் (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் நிரல்) பேக்கப் எடுக்கும்போது விப்டெயில் --கேஜ் பட்டை நகர வேண்டும். (திருநெல்வேலி)

கேஜ் தன் இன்புட்டில் வரிக்கு ஒன்றாக 0 முதல் 100 வரை எண்ணை எதிர்பார்க்கிறது. டாருக்கும் ஜிசிப்புக்கும் நடுவே 'பிவி -என்' (குழாயில் எவ்வளவு ஓடியது என்று அளக்கும் நிரல்) வையுங்கள், மொத்த பைட் அளவை டியூவிடம் வாங்கி -எஸ் மூலம் கொடுங்கள். அது சதவீதத்தை ஸ்டாண்டர்டு எரரில் அச்சிடும். முழுக் கோவையையும் அடைப்புக்குள் போட்டு 2>&1 கொடுத்து விப்டெயிலுக்குக் குழாய் போட்டால் பட்டை நகரும். டாரின் எச்சரிக்கைகளும் அதே 2இல்தான் வரும் என்பதால் டாருக்கு மட்டும் 2>> லாக் என்று தனியாகத் திருப்பிவிடுங்கள். குழாய்க்கு இடப்புறம் வைத்த மாறி எதுவும் குழாய் முடிந்ததும் இருக்காது. பேக்கப் வென்றதா தோற்றதா என்பதை ஒரு கோப்பில் எழுதிவைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸிலிருந்து பட்டி (தொலைக் கணினியின் டெர்மினலோடு இணைக்கும் நிரல்) மூலம் இணைந்தால் பெட்டியின் கோட்டுக்குப் பதில் 'எல் க்யூ க்யூ க்யூ கே' என்று எழுத்துகள் வருகின்றன. (புதுச்சேரி)

என்கர்சஸ்_நோ_யூடிஎஃப்8_ஏசிஎஸ்=1 என்று (எல்லாம் பெரிய எழுத்து) எக்ஸ்போர்ட் செய்துவிட்டு டயலாக்கை ஓட்டுங்கள். பட்டியின் டிரான்ஸ்லேஷன் பக்கத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் உதவாத பழைய இணைப்பு என்றால் டயலாக்குக்கு --ஆஸ்கி-லைன்ஸ் கொடுங்கள். கோடு + - | குறிகளால் வரும்.